எந்தப் பக்கமும் இல்லாத சார்

மல்காஜ்கிரி ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடைக்காரர் டீயை நீட்டுவதற்கு முன் ஊரைக் கேட்பார். தனித் தெலங்கானா கேட்டு அடிக்கடி பந்த் நடந்த காலம் அது. ஹைதராபாத்தில் எல்லோரும் எல்லோரையும் அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா என்று முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தமிழ்நாடு" என்பேன். அவர் தோள்கள் தளரும். இது எதிலும் சேராத சரக்கு. நம் பக்கத்தில் 'எந்த ஊரு' என்று தொடங்கும் விசாரணை, எந்தத் தெரு என்று வளைந்து, யார் வீட்டுப் பிள்ளை என்று குனிந்து, ஆளை முழுசாக உரித்த பிறகுதான் மூச்சு விடும். இங்கே மாநிலத்தோடு நின்றுபோனது. மனைவியின் மென்பொருள் வேலைக்குப் பின்னால் பெட்டி தூக்கி வந்தவனுக்கு, நடுவயதில் இப்படி ஒன்றுமில்லாதவனாக இருப்பது, வெளியே சொல்லக்கூடாது, கொடியில் காற்று வாங்கும் வேட்டியைப்போலச் சுகமாகவே இருந்தது.

அந்தச் சுகத்துக்குப் பள்ளியில் வேலை வந்தது. நான் அங்கே ஆங்கில ஆசிரியன். பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் மொழிவாரி மாநிலங்கள் பாடம் வந்தபோது, அதைத் தொடுவதற்கு ஆளில்லை. இருந்த இரண்டு ஆசிரியர்களும் ஆளுக்கொரு பக்கம். எங்கள் பிரின்சிபால், செகந்திராபாத்தில் தலைமுறைகளாக வேரூன்றிய தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்மணி, என்னை அழைத்தார்.

"அவங்க ரெண்டு பேரும் நக்கோ, வேண்டாம் சார். ஒரு வார்த்தை தப்பாப் போச்சுன்னா சாயந்திரம் பேரண்ட்ஸ் எல்லாம் என் ரூம்லதான். எதுக்கு அந்தத் தலைவலி? நீங்க தமிழ்நாடு, உங்களுக்குப் பக்கமே கிடையாது. நீங்களே முடிச்சிடுங்க. கம்ப்ளெயின்ட் மட்டும் வந்துச்சு, அந்த லெசனோட நீங்களும் க்ளோஸ்."

பாகப்பிரிவினைச் சண்டைக்குத் தெருவோடு போன வளையல்காரரைப் பஞ்சாயத்துக்கு உட்காரவைத்த கதைதான்.

வகுப்பு முன்பே பிரிந்து கிடந்தது. மூன்றாவது பெஞ்சில் ஸ்ரவாணியும் மாதவியும் எட்டு வருடமாக ஒட்டி உட்கார்ந்தவர்கள். ஸ்ரவாணியின் அப்பா ஆந்திரா பக்கச் சித்தூர்க்காரர், ரயில்வே. மாதவி தெலங்கானாவின் வரங்கல். ஏதோ வாய்ச்சண்டையில் மாதவி, "நீங்கள்லாம் உங்க ஊருக்குப் போங்க" என்று சொல்லிவிட்டாள். மல்காஜ்கிரியைத் தவிர வேறு ஊரே தெரியாத ஸ்ரவாணி, அன்று முதல் தன் தண்ணீர் பாட்டிலை இருவருக்கும் நடுவில் எல்லைக்கல்லாக நட்டுவைத்திருந்தாள்.

நான் ஜாக்கிரதையாகத் தொடங்கினேன். ஆந்திரா மெட்ராஸிலிருந்து பிரிந்தது, பிறகு தெலங்கானாவோடு சேர்ந்தது. குரலில் ரயில்வே அறிவிப்பின் நிறமின்மை. அப்போதுதான் ஸ்ரவாணி எழுந்தாள்.

"மீ ஊரு ஏதி சார்?"

"திருத்தணி" என்றேன், யோசிக்காமல்.

"அது எங்க சித்தூர் ஜில்லா சார்! எங்க அப்பா சொல்வார். அப்புறம்தான் நீங்க எடுத்துக்கிட்டீங்க. அரே, சார் மனோள்ளே!"

சார் நம்ம ஆள்தானாம். பாதி வகுப்பு கைதட்டியது. மறுபாதியிலிருந்து மாதவி, காதலில் ஏமாந்தவள்போல, "க்யா சார், ஆப் பீ?" என்றாள். நீங்களுமா?

என்ன ஆனதென்று எனக்கே தெரியவில்லை. மேஜையைக் குத்தி, தமிழ் தெரியாத அந்த வகுப்பில் சுத்தத் தமிழ்நாட்டுக் குரலில் கத்தினேன்: "திருத்தணி எங்களுது!"

மொழிபெயர்ப்பு யாருக்கும் தேவைப்படவில்லை. தெருவில் தினமும் கேட்கிற சத்தம்தானே. இரண்டு பக்கமும் ஒன்றாக வெடித்துச் சிரித்தது. "சார், சென்சிடிவ் டாபிக் சார், மெதுவா" என்று பின்பெஞ்சு எனக்கு ஆறுதல் சொன்னது.

ஸ்ரவாணி மட்டும் சிரிக்கவில்லை. "ஸ்டேட் மாறினப்போ உங்க வீட்டை மாத்தச் சொன்னாங்களா சார்?"

இதுதான் அவள் பயமா? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது ஏப்ரல் ஒன்றாம் தேதி திருத்தணி மெட்ராஸோடு சேர்ந்தது. என் அப்பா அன்று ஆந்திராவில் படுத்துத் தமிழ்நாட்டில் எழுந்தவர். தேதியைப் பார்த்து, யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தாராம். வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர் வாங்கிப்போன ஏணியை அதற்குப் பிறகும் திருப்பித் தரவில்லை. இதைச் சொன்னேன். "ஸ்டேட் எது ஆனாலும் ஏணி வராதா சார்?" என்று மாதவி கேட்டாள். கேட்டுக்கொண்டே நடுவில் இருந்த பாட்டிலைத் திறந்து, அண்ணாந்து குடித்து, டெஸ்குக்குக் கீழே வைத்துவிட்டாள். ஸ்ரவாணி தடுக்கவில்லை.

மறுநாள் உள்ளே நுழைந்தால் கரும்பலகை நிறைய வரைபடம். மேலே தெலங்கானா, பக்கத்தில் ஆந்திரா, கீழே தமிழ்நாடு. ஆந்திராவும் தமிழ்நாடும் தொடும் கோட்டின்மேல், எந்தப் பக்கமும் சாயாமல் ஒரு தடித்த புள்ளி. அதன் தலையில் ஆங்கிலத்தில் 'சார்'. மூன்றாவது பெஞ்சில் இரண்டு முகங்களும் அப்பாவித்தனமாகப் பளபளத்தன. வராந்தாவில் பிரின்சிபாலின் செருப்புச் சத்தம். டஸ்டரை எடுத்தேன்.

"எந்தப் பக்கத்தை முதல்ல அழிப்பீங்க சார்?"

கை தெலங்கானா பக்கம் போனது, ஒரு முனகல். ஆந்திரா பக்கம் போனது, இன்னொரு முனகல். தமிழ்நாட்டைத் தொட எனக்கே மனமில்லை. வேறு வழியில்லாமல் டஸ்டரைப் புள்ளியின்மேல் வைத்தேன்.

"வத்து சார்!" என்றாள் ஸ்ரவாணி.

"நக்கோ சார்!" என்றாள் மாதவி. தெலுங்கிலும் உருதுவிலும் ஒரே 'வேண்டாம்'.

செருப்புச் சத்தம் கதவருகே வந்துவிட்டது. என் கை என் மேலேயே நின்றுகொண்டிருந்தது.