செந்துறை ஆலையில் பத்து நிமிடம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை பெரம்பலூரிலிருந்து செந்துறைக்குப் போனேன். அங்கே ஒரு முந்திரி ஆலையில், மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் பெட்டியைப் பொருத்தும் வேலை பாதியில் நின்றிருந்தது. அதைத் தொடங்கியவன் என் கூட்டாளி ஆரோக்கியம். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றியதால் மெயினை அணைத்திருக்கிறான். பெட்டியில் விளக்கு அணைந்ததும் வயரை மாற்றக் கை வைத்துவிட்டான். உள்ளே கெப்பாசிட்டரில் தங்கியிருந்த மின்சாரம் அவனைக் கொன்றுவிட்டது.

காலை ஏழே காலுக்கு பஸ். அரியலூர் சுமார் முப்பது கிலோமீட்டர். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். ஒரு மணி நேரம் ஆகும், சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் மாட்டினால் இன்னும் கூட. அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஆரோக்கியத்தின் மனைவி மேரி நின்றிருந்தாள். ஏலாக்குறிச்சிப் பக்கம் டீச்சர்.

"நானும் வரேண்ணே. அந்த எடத்த ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்" என்று முதல் நாள் போனில் கேட்டிருந்தாள். மறுக்க வாய் வரவில்லை.

அங்கிருந்து வேறு பஸ்ஸில் செந்துறைக்கு முக்கால் மணி நேரம். ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள்.

ஆலைக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். மேரியின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. "பொட்டில லைட்டு எரியுதான்னு இப்பதான் போட்டுப் பாத்தேன். கரண்ட நிறுத்திட்டேன், பாருங்க சார்" என்றார் என்னிடம்.

மெயினையும் ஜெனரேட்டர் சுவிட்சையும் பூட்டி, சாவிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"வேலய ஆரம்பிக்கலயாண்ணே?"

"பத்து நிமிஷம் ஆகட்டும்மா. உள்ள இருக்கிற கரண்டு வடியணும்."

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். நேரம் ஆனதும் மீட்டர் வைத்தேன். கெப்பாசிட்டரில் தங்கியிருந்த டிசி வோல்டேஜ் பூஜ்யத்துக்கு வந்திருந்தது.

"ஆச்சும்மா" என்றேன்.

"இவ்ளோ நேரந்தானாண்ணே?"

அதற்கப்புறம்தான் அழுதாள்.

வேலை மதியம் முடிந்தது. மோட்டார் சரியான பக்கம் சுற்றியது. அதைப் பார்க்க அவள் உள்ளே வரவில்லை.

இந்த வேலையாகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மதியத்தில் பஸ்ஸுக்கு ரொம்ப நேரம் நிற்க நேரிடும், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். பூட்டும் மீட்டரும் உங்களுடையதாக இருக்கட்டும். எர்த் சரியில்லாத இடத்தில் டிரைவ் மாட்டாதீர்கள். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது பெட்டியின் மேலேயே எழுதியிருக்கும். பெட்டிக்குப் பெட்டி அது மாறும். அதற்குப் பிறகும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் தொடாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கப் பொறுமை இல்லையென்றால், அந்த நேரத்தில் வீட்டுக்கு ஒரு போன் போட்டுப் பேசிக்கொண்டிருங்கள்.