யாருமில்லாத ஃபோரத்தில் தினமும் ஒருவர்

போன வருடம் புரட்டாசி பிறந்த சமயம். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, முன்பின் தெரியாத ஒருவரை நான் தினமும் ஒளிந்திருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் வழியாகத்தான். இருந்தாலும் ஒளிந்து பார்ப்பது ஒளிந்து பார்ப்பதுதானே.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். நான் தையற்காரி. ரவிக்கை, சுடிதார், சீசனுக்கு ஸ்கூல் யூனிபார்ம் என்று எது வந்தாலும் தைப்பேன். பல வருடங்களுக்கு முன்னால், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் தம்பி, தையல் தெரிந்த பெண்கள் தமிழில் பேசிக்கொள்ள இணையத்தில் ஒரு ஃபோரம் அமைத்துக் கொடுத்தான். ஒருவர் தன் சந்தேகத்தை எழுதிப் போடுவார். தெரிந்தவர்கள் அதன் கீழேயே பதில் எழுதுவார்கள். எழுதியது எல்லாம் அப்படியே நிற்கும், யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். ஆரம்பத்தில் ஒரே ஜேஜே என்று இருந்தது. கழுத்து ஏன் தூக்குகிறது, கைக்குழி ஏன் பிடிக்கிறது என்று வெளிநாட்டிலிருந்துகூடக் கேட்டார்கள். பட்டுத்துணியில் பட்டனுக்குக் காஜா எடுப்பதைப் பற்றி ஒரு சண்டை வந்து, இரண்டு பேர் பேச்சுவார்த்தையையே நிறுத்திக்கொண்டார்கள்.

அப்புறம் வாட்ஸ்அப் வந்தது. நாங்களும் ஒரு குரூப் ஆரம்பித்தோம். தையற்காரிக்கு இரண்டு கையும் துணியில்தான் இருக்கும். எழுத்து எழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? மைக்கை அமுக்கி, மெஷினை ஓட்டிக்கொண்டே பேசிவிட்டால் வேலை முடிந்தது. கேள்வியும் ஆடியோ, பதிலும் ஆடியோ. நடுவில் குக்கர் விசில் அடிக்கும், ஒரு அக்கா பதிலைப் பாதியில் விட்டுவிட்டு மகளைத் தெலுங்கில் திட்டிவிட்டு மறுபடி ரவிக்கைக்கு வருவாள். கலகலப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஃபோரம் கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டபம் போல ஆகிவிட்டது.

"யாருமே வராத இடத்துக்கு எதுக்குக்கா வருஷா வருஷம் புதுப்பிச்சிட்டு? இந்த மாசக் கடைசியோட மூடிருவோம்," என்றான் தம்பி. எனக்கும் சரி என்றுதான் பட்டது. மாதக் கடைசியில் தளம் மூடப்படும், பழைய பதிவுகளும் போய்விடும் என்று ஃபோரத்தின் தலையில் ஓர் அறிவிப்பைப் போட்டேன். போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். என்ன நடக்கிறது பார்ப்போம் என்று மறுநாள் மதியம் எட்டிப் பார்த்தேன்.

பக்கத்தின் அடியில், அந்த நேரத்தில் உள்ளே இருப்பவர்களின் பெயர்கள் தெரியும். என் பெயர் இருந்தது. கூடவே சிவப்புக் கைப்பிடி போட்ட கத்தரிக்கோல் படத்துடன் இன்னொரு புனைபெயரும் இருந்தது. அதற்கு மறுநாளும் அதே கத்தரிக்கோல். அதற்கடுத்த நாளும் அதுவே.

நிர்வாகி என்பதால், யார் எந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த ஆசாமி ஃபோரத்தின் முதல் பக்கத்தில், நான் எழுதிய முதல் பதிவில் ஆரம்பித்து, வரிசையாக வந்துகொண்டிருந்தார். காஜா சண்டையைக்கூட விடவில்லை. முழுசாக உட்கார்ந்து படித்தார். எழுதிய நாங்களே மறந்துபோனதை ஒருவர் எதற்காக இப்படிப் படிக்க வேண்டும்? எனக்கு மண்டை குடைய ஆரம்பித்துவிட்டது.

யார் என்று பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்தேன். ஊர்: மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர். அட, பஸ் ஏறினால் உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் இறங்கிவிடலாம். இவரை முன்பு ஒருமுறை வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்தது நினைவுக்கு வந்தது. வந்த சுவடு தெரியாமல் இரண்டாம் வாரமே வெளியேறிவிட்டார். அப்போது குரூப்பில் எல்லோருக்கும் கோபம். நம்மோடு பேசினால் கௌரவம் குறைந்துவிடுமோ என்று சேத்தூர்க்கார அக்கா ஒருவர் ஆடியோவிலேயே பொரிந்து தள்ளினார்.

நான் கவனிக்க ஆரம்பித்த அதே வாரம் இவர் ஃபோரத்தில் ஒரு கேள்வி போட்டார். வெல்வெட் ரவிக்கை தைக்கும்போது மேல் துணி நகர்ந்து நகர்ந்து போகிறது, இரண்டு ஓரமும் சேர மாட்டேன் என்கிறது, கல்யாணப் பெண்ணின் துணி, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். சேத்தூர் அக்கா வெல்வெட்டில் கில்லாடி. அவரிடம் கேட்டேன். குரூப்பில் விலாவாரியாகப் பேசி அனுப்பினார். நான் அந்த ஆடியோவைத் தூக்கி இவருடைய எண்ணுக்கும் அனுப்பிவிட்டு, ஃபோரத்தில், "ஆடியோ அனுப்பியிருக்கிறேன், கேட்டுக்கோங்க," என்று எழுதினேன். "நன்றி அக்கா," என்று பதில் வந்தது. அதோடு முடிந்தது என்று பார்த்தால், மறுநாள் அந்தக் கத்தரிக்கோல் பழைய பக்கங்களில் 'வெல்வெட்' என்று தேடிக்கொண்டிருக்கிறது. பதிலைக் கையில் கொடுத்த பிறகு எதைத் தேடுகிறார்?

பொறுக்க முடியாமல் போன் பண்ணினேன். மணி அடித்தது, உடனே கட் ஆனது. மறுபடி அடித்தேன். மறுபடி கட்.

"ஏட்டி, அந்த ஆளு படிக்கிறத நீ படிச்சிட்டு இருக்க. ரெண்டு பேத்துக்கும் வேற சோலியே இல்லையா?" என்றார் என் வீட்டுக்காரர். யாராவது நம் டிசைனை எல்லாம் திருடி யூடியூபில் போடப் பார்க்கிறார்களோ என்று நான் சொன்னதற்கு அவர் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் நாத்தனார் வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம். கோயில் ஆராதனை முடிந்து, பிரியாணியும் முடிந்த கையோடு, வீட்டுக்காரரை பைக்கை எடுக்கச் சொல்லி நச்சரித்தேன். "ஆளத் தெரியாது, பேரு தெரியாது, எங்கனு போய்த் தேடுவ?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். தையற்காரியைத் தேடுவதற்குப் பெயர் எதற்கு? ஊக்கும் நூலும் விற்கிற ஃபேன்சி ஸ்டோருக்கு வராமல் எந்தத் தையற்காரியும் பிழைக்க முடியாது. மடவார் வளாகத்தில் அப்படி ஒரு கடையைப் பார்த்து, சமீபத்தில் வெல்வெட்டுக்கு நூல் வாங்கியது யார் என்று கேட்டேன்.

கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "மெரூன் கலருக்குத்தானே? மூணு தடவ வந்து மாத்திட்டுப் போச்சே அந்தப் புள்ள. அடுத்த தெரு, பச்சைக் கதவு. போயி எதுக்கால நில்லுங்க, அதுவே பாத்துக்கிடும். கூப்பிட்டுட்டு நிக்காதீங்க," என்றார். அப்படி என்றால் என்ன என்று கேட்பதற்குள் அடுத்த ஆளுக்கு எலாஸ்டிக் அளக்கப் போய்விட்டார். கூப்பிட்டால்கூடத் திரும்பாத மகாராணியாக இருக்கிறாளே என்று எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

பச்சைக் கதவு திறந்திருந்தது. உள்ளே முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மெஷினில் இருந்தாள். "ஏம்மா," என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. கடைக்காரர் சொன்னது சரிதான் என்று, இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். அப்போதுதான் மெஷினுக்கு எதிர்ச் சுவரில், வாசல் தெரிகிற மாதிரி சாய்த்து மாட்டியிருந்த கண்ணாடியைக் கவனித்தேன். தலையை நிமிர்த்திய அந்தப் பெண்ணின் கண் அந்தக் கண்ணாடியில் என்னைப் பார்த்தது. உடனே மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிச் சிரித்தாள். காதைத் தொட்டு, கையை ஆட்டினாள்.

"காது கேக்காதுக்கா. இதுல எழுதுங்க," என்று தட்டையான குரலில் சொல்லிக்கொண்டே தன் போனை நீட்டினாள்.

போனை வாங்கினேன். அத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த கேள்விகளை ஓரமாக வைத்தேன். முதலில் ஃபோரத்தில் நான் வைத்திருக்கும் பெயரை எழுதிக் காட்டினேன். படித்ததும் அந்த முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உள்ளேயிருந்து தன் மதினியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து என்னைக் காட்டினாள்.

மதினிதான் மிச்சத்தைச் சொன்னார். ஏழாவது படிக்கும்போது ஒரு காய்ச்சலில் காது போய்விட்டது. தையலை ஊரிலேயே ஒருவரிடம் கை பார்த்துப் படித்தாள். மேற்கொண்டு படித்ததெல்லாம் எங்கள் ஃபோரத்தில். "நீங்க குரூப்புல சேத்தப்ப சந்தோசமாத்தான் இருந்தா. நான் மில்லு விட்டு வந்து ஒவ்வொண்ணா கேட்டுச் சொல்லுவேன். எனக்குத் தையல் தெரியாதா, பாதி புரியாது. அம்புட்டும் பேச்சாவே வந்தா இவ என்ன செய்வா? அதான் வெளிய வந்துட்டா." போனைக் கட் செய்ததும் இதனால்தான். செய்தியாக அனுப்பவும் என்று உடனே எனக்கு எஸ்எம்எஸ் போட்டிருக்கிறாள். விளம்பரம் தவிர வேறொன்றும் வராத அந்தப் பெட்டியை நான் எப்போது திறந்தேன்?

அதற்குள் அவள் போனில் எங்கள் ஃபோரத்தைத் திறந்திருந்தாள். வெல்வெட் கேள்வி. அதன் கீழே என் பதில், "கேட்டுக்கோங்க." அதற்கும் கீழே அவள் எழுதிய நன்றி. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. என்ன பதில் என்றே தெரியாமல் இந்தப் பெண் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறாள்.

பக்கத்தில் அந்த மெரூன் வெல்வெட் வெட்டியபடி கிடந்தது. கல்யாணம் ஐப்பசி முதல் முகூர்த்தத்தில். முதல் முதலாக நம்பிக் கொடுத்த கல்யாண வேலை, கெட்டால் இனி இந்தத் தெருவில் யாரும் கொடுக்க மாட்டார்கள் என்றார் மதினி. நான் அங்கேயே உட்கார்ந்து சேத்தூர் அக்காவின் ஆடியோவைப் போட்டுக் கேட்டேன். குக்கர், பஸ் ஹாரன், பக்கத்து வீட்டுச் சம்பந்தியைப் பற்றி ஒரு விமர்சனம், எல்லாம் போக விஷயம் நாலே வரிதான். வெல்வெட்டின் மேலுள்ள பூ, அதாவது அந்த மெத்தென்ற முடி, எந்தப் பக்கம் படிந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே தை. முதலில் கை ஊசியால் இரண்டு வரிசை நூலோட்டிவிடு. மெஷின் தலையில் இருக்கும் திருகைத் தளர்த்தி, துணியை அமுக்குகிற பாதத்தின் அழுத்தத்தைக் குறை. மேலே நேராக இஸ்திரி போடாதே. அதை நான் ஃபோரத்தில் தட்டத் தட்ட, என் தோளுக்குப் பின்னால் நின்று அவள் படித்தாள். கடைசி வரி முடிவதற்குள் திருகைத் தளர்த்தப் போய்விட்டாள்.

ஒரு வெட்டுத் துண்டில் தைத்துப் பார்த்தாள். இரண்டு ஓரமும் சொன்ன பேச்சைக் கேட்டு ஒன்றாக வந்து சேர்ந்தன. அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

அப்புறம்தான் நான் கேட்க வந்ததை எழுதினேன். எதற்காக முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கிறாய்?

அவள் வாயாலேயே சொன்னாள். "மாசக் கடைசில மூடப் போறீங்கல்லக்கா. அதுக்குள்ள முழுசையும் படிச்சிரணும். முக்கியமானத போட்டோ புடிச்சு வச்சிட்டு இருக்கேன். போனு நெறஞ்சு போச்சு."

அதில் குறை சொல்லும் தொனியே இல்லை. மூடாதீர்கள் என்றுகூட அவள் கேட்கவில்லை.

வெளியே வந்து, தெருவில் நின்றபடியே தம்பிக்குப் போன் போட்டேன். மூட வேண்டாம், ஒரு ஆள் இருக்கிறது என்றேன். ஒரு ஆளுக்காகவா என்றான். ஆமாம் என்றேன்.

குரூப்பில் சொன்னபோது, முதலில் சேத்தூர் அக்காவிடமிருந்துதான் எதிர்ப்பு வரும் என்று பயந்தேன். நீளமாக ஒரு ஆடியோ வந்தது. பாதிக்கு மேல் அழுகை. ஆனால் மறுநாள் பிழைப்பு என்று வரும்போது, தட்டிக்கொண்டிருக்க நேரம் ஏது என்று எல்லோரும் பழையபடி மைக்கைப் பிடித்தார்கள். கோபித்து என்ன செய்ய, எனக்கும் இரண்டு கைதானே. கடைசியில் பேசினால் எழுத்தாக மாற்றுகிற வசதி போனிலேயே இருப்பதைக் கண்டுபிடித்தோம். ஆடியோவாக அனுப்புகிற பேச்சை அப்படி எழுத்தாக்கி ஃபோரத்தில் போட வேண்டும் என்று ஏற்பாடு. எங்கள் ஊர்ப் பேச்சு போனுக்குப் பிடிபடாமல் என்னென்னவோ எழுதித் தள்ளியது. அதையெல்லாம் திருத்துகிறவள், எங்கள் ஃபோரத்தின் புதிய நிர்வாகி, அந்தச் சிவப்புக் கத்தரிக்கோல்தான். நாங்கள் என்ன சொல்ல வருகிறோம் என்று எங்களைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரிகிறது. வளவள என்று பேசினால் வெட்டியும் விடுகிறாள்.

ஃபோரம் பழையபடி ஜேஜே என்று ஆகிவிட்டது என்று சொன்னால் பொய். சிலர் இன்னும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் எங்கிருந்தோ ஒருவர் கூகுளில் தேடி வந்து, அந்த வெல்வெட் நாலு வரிக்குக் கீழே, தன் மகள் ரவிக்கை தப்பியது என்று போன மாதம் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

இன்றைக்கும் சில மதியங்களில் பக்கத்தின் அடியில் இரண்டே பெயர்கள்தான் தெரிகின்றன. கைவேலை அவசரத்தில் மைக்கை அமுக்கப் போகும்போதெல்லாம் அந்தச் சாய்ந்த கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்த முகம் நினைவுக்கு வருகிறது. பேசாமல் போனவர்களை எல்லாம் நம்மை வேண்டாம் என்று போனவர்களாக நான் இப்போது நினைப்பதில்லை, நம் பேச்சே அவர்களை வெளியே நிறுத்தியிருக்குமோ என்று ஒருமுறை யோசித்துவிட்டு, துணியைக் கீழே வைத்துவிட்டுத் தட்ட ஆரம்பிக்கிறேன்.