மாடிவீட்டு நடிகைக்கு நெஞ்சுவலி

எடிசன் என்ற அமெரிக்க ஊரில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மென்டில், மாடிவீட்டு ரஷ்ய அம்மாளுக்கு வாரத்தில் மூன்று நாள் நெஞ்சுவலி வரும். சனிக்கிழமை வலிப்பு. ஞாயிற்றுக்கிழமை அப்பென்டிசைட்டிஸ். எல்லாம் எங்கள் சமையலறை மேசையில், எனக்காக.

தமிழ்நாட்டில் ஒன்பது வருடம் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்தவள் நான். அந்தத் திமிரும் இருந்தது. இங்கே மறுபடி டாக்டராக வேண்டுமானால் ஒரு தேர்வில் தேற வேண்டும் என்றார்கள். நோயாளிகளைப் போல நடிப்பவர்களை அறைக்கு ஒருவராக உட்காரவைத்திருப்பார்கள். கால் மணி நேரத்தில் விசாரித்து, பரிசோதித்து, நோயையும் சொல்ல வேண்டும். முதல் தடவை ஃபெயில். நடிகர்களிடம் தோற்ற டாக்டர்! என் கணவர், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி ட்ரை பண்ணு. வரலைன்னா விட்டுடு. சாஃப்ட்வேர் டெஸ்டிங் கோர்ஸ் பண்ணினா மூணு மாசத்துல ஜாப்" என்றார். அன்று நான் சமைக்கவில்லை.

மாடிவீட்டு அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். ரஷ்யாவில் முப்பது வருடம் மேடையில் நடித்தவர். இளமையில் ராணி, பிறகு ராணியின் தாய், கடைசியில் இரண்டே வரி பேசும் பக்கத்து வீட்டுக்காரி என்று தன் கதையைச் சொல்லிச் சிரிப்பார். நடுவில் ஒரு சினிமாவில் ரயில் நிலையத்தில் நின்று அழுதாராம். ஊரே பார்த்த அழுகை. அதற்கப்புறம் சந்தையில் அவருக்கு மட்டும் நல்ல பீட்ரூட்டாகப் பொறுக்கிக் கொடுப்பார்களாம். கணவர் இறந்தபின் மகனோடு இங்கே வந்தார். மகன் வேலை கிடைத்துக் கலிபோர்னியா போய்விட்டான். அவருடைய ஆங்கிலத்துக்கு இங்கே வேடம் கொடுப்பாரில்லை. ஒரு கடையில் சென்ட் விற்றுக்கொண்டிருந்தார். எனக்கு நோயாளியாக நடிக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "எப்போது ஆரம்பிக்கலாம்?" என்றார்.

ஐம்பத்தேழு வயது, நெஞ்சுவலி, இரண்டு மணி நேரமாக என்று எழுதிக்கொடுத்தால் அவருக்குப் போதாது. வலி வந்தபோது இந்தப் பெண் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்பார். அது பேப்பரில் இல்லை என்று எரிந்துவிழுவேன். "அப்படியானால் துணி மடித்துக்கொண்டிருந்தேன்" என்று அவரே முடிவுசெய்து, அடுத்த நிமிடம் வியர்க்க ஆரம்பிப்பார். நிஜ வியர்வை. எனக்கே பயமாக இருக்கும்.

நான் கேள்விகளை ஒப்பித்துவிட்டு, நின்றபடியே, "உங்க கூட யாரு வந்திருக்காங்க?" என்பதை ஆங்கிலத்தில் கேட்பேன். நம் ஊர் டாக்டர் வாயில் தானாக வருகிற கேள்வி. முதலில் அவர் அதற்கும் ஈடுகொடுத்தார். கணவர் காரை நிறுத்தப் போயிருக்கிறார் என்பார், தங்கை வந்துகொண்டிருக்கிறாள் என்பார். நேரம் தீர்ந்துவிடும். ஒருநாள், புற்றுநோய் என்று நான் சொல்லவேண்டிய கட்டத்தில் அதையே கேட்டேன். அவர் நடிப்பை நிறுத்திவிட்டார்.

"எதற்கு எப்போதும் இதைக் கேட்கிறாய்?"

எங்கள் ஊரில் இந்த மாதிரிச் செய்தியை நோயாளியிடம் சொல்லமாட்டோம், அவரை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கூட வந்தவரிடம் சொல்வோம் என்றேன். சொல்லும்போதே எங்கே தோற்றேன் என்று உறைத்தது. அந்தத் தேர்வு அறைகளில் எல்லாரும் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கள் ஊரிலும் அப்படித்தான்," என்றார். "என் கணவரைப் பற்றி என்னிடம்தான் சொன்னார்கள். குணமாகிவிடும் என்று பதினோரு மாதம் அவர் முன்னால் நடித்தேன். நான் போட்டதிலேயே பெரிய வேடம்."

"அவருக்குத் தெரியவே தெரியாதா?"

"அவரும் நடிகர். என்னைவிட நல்ல நடிகர்."

அவர் எழுந்தார், தோளைக் கொஞ்சம் கூனிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். இப்போது எதிரே இருந்தது வயதான ஓர் ஆண். "டாக்டர், ரிசல்ட் வந்துவிட்டதா?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சொன்னேன். கொஞ்ச நேரம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என் மனைவியிடம் நீங்கள் சொல்லாதீர்கள். நானே சொல்கிறேன்" என்றார். அதற்குமேல் அன்று பாடம் நடக்கவில்லை. ரசம் வைத்துக் கொடுத்தேன், இருவரும் குடித்தோம்.

இரண்டாம் தடவை போன தேர்வின் கடைசி அறையில் ஒரு முதியவர் இருந்தார். நாக்கின் நுனிவரை வந்த கேள்வியை விழுங்கிவிட்டு, புற்றுநோய் என்று அவரிடமே சொன்னேன். என் டாக்டர் வாழ்க்கையில் நோயாளியின் முகத்தைப் பார்த்து அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் நோயே இல்லாத மனிதரிடம்.

பாஸ் என்று கடிதம் வரப் பல வாரம் ஆயிற்று. ஆனால் தேர்வு முடிந்த அன்று சாயங்காலம் நான் திரும்பியபோதே அந்த அம்மாள் மாடிப்படியில் காத்திருந்தார். கடைசி அறையைப் பற்றிச் சொன்னேன்.

"அவரிடமேவா சொன்னாய்?"

"அவரிடமே."

"என்ன சொன்னார்?"

"‘என்னிடம் சொன்னதற்கு நன்றி, டாக்டர்’ என்றார்."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கணவர் வேலையிலிருந்து வந்து, "ஐயோ, என்னாச்சு, ஃபெயிலா?" என்று பதறும்வரை இருவரும் அழுதுகொண்டிருந்தோம்.