காய்ந்த நெல்லுக்கு விழுந்த சிவப்பு

போன மாசி மாதம், காரைக்குடிக்குப் பக்கத்தில் புதுவயல் அரிசி ஆலை ஒன்றில் நடந்தது இது. ஆலைகளுக்கு மென்பொருள் செய்து தரும் கம்பெனியில் நான் புரோகிராமர். எங்கள் மென்பொருள் முழுக்க ஜாவா என்ற கணினி மொழியில் எழுதியது. ஒரு சின்ன விதியை மாற்றணும் என்றாலும் மொத்தத்தையும் நிறுத்தித் திரும்ப ஏற்றணும். விதிகளை மட்டும் பைத்தான் என்ற இன்னொரு மொழியில் எழுதி ஜாவாவுக்குள்ளேயே ஓடவிடலாம், ஓடும்போதே மாற்றிக்கொள்ளலாம் என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். இது எண்ணா, எழுத்தா என்று ஜாவா ஒவ்வொன்றுக்கும் நச்சரிக்கும். பைத்தான் விட்டுவிடும். அதுதான் எனக்குப் பிடித்தது.

முதல் விதி, நெல்லின் ஈரம். பதினேழு சதவீதத்தைத் தாண்டினால் திரையில் சிவப்பு விழும், வண்டியைத் திருப்பிவிடணும். 14, 18, 21 என்று போட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தது.

அன்று காலை ஆலை வாசலில் கம்ப்யூட்டர் முன்னால் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். முதல் டிராக்டருக்குச் சிவப்பு, திருப்பி அனுப்பியாச்சு. அடுத்து சாக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு அக்கா நாற்பது மூட்டையோடு வந்தார். அதற்கும் சிவப்பு. வானம் வேறு மூடிக்கொண்டு வந்தது. வண்டியில் தார்ப்பாய்கூட இல்லை, திரும்பிப் போனால் நெல் நனைந்துவிடும்.

"ஈரம் அதிகம்க்கா, கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லாது" என்றேன் கெத்தாக.

அவர் சண்டைக்கு வரவில்லை. ஒரு பிடி நெல்லை என் கையில் வைத்தார். "கம்ப்யூட்டரப் பத்தி எனக்குத் தெரியாது தம்பி. இதக் கடிச்சுப் பாத்துட்டுச் சொல்றீகளா?"

வேண்டாவெறுப்பாகக் கடித்தேன். டக்கென்று உடைந்தது. ஈர நெல் நசுங்கும் என்பது இந்த ஊரில் பிறந்த எனக்கும் தெரியும். எழுந்துபோய் ஈரம் பார்க்கும் மெஷினைப் பார்த்தேன். 9.6.

திரும்ப வந்து விதியைத் திறந்து பார்த்தேன். மெஷின் அனுப்பியதையும் 17 என்ற வரம்பையும் எண்ணாக மாற்றாமல் எழுத்தாகவே விட்டிருக்கிறேன். அகராதி வரிசை மாதிரி முதல் எழுத்தைப் பார்த்து, 1-ஐ விட 9 பெரிசு, அதனால் 17-ஐ விட 9.6 பெரிசு என்று அது முடிவு கட்டிவிட்டது. நன்றாகக் காய்ந்த நெல்லாகப் பார்த்துத் திருப்பியிருக்கிறேன். ஜாவாவாக இருந்தால் அந்த வரியை ஏற்றவே விட்டிருக்காது.

ஒரு வரியைத் திருத்தினேன், பச்சை விழுந்தது. முன்னால் போன வண்டிக்கும் பதிவில் பத்துக்குக் குறைவுதான்; தலையில் கை வைத்தேன். அந்த அக்காவே போனை எடுத்தார். "எங்க ஊரு வண்டிதான். ரொம்பத் தூரம் போயிருக்க மாட்டாக, கூப்புடுறேன்."

மேனேஜர் வெளியே வந்து ஏன் தாமதம் என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, தம்பி நல்லாப் பாத்துத்தான் எடுக்குறாக" என்றார் அக்கா. கூனிக் குறுகிப் போனேன். தப்பு என்னுடையது என்று நானே சொல்லிவிட்டேன். மழை வருவதற்குள் இரண்டு வண்டி நெல்லும் கொட்டகைக்குள் போய்விட்டது.

இன்றும் எந்த விதியை மாற்றினாலும் நான் முதலில் போட்டுப் பார்க்கும் எண் 9.6. ராசியான நம்பரா என்று கூட இருப்பவர்கள் கேலி செய்கிறார்கள். அன்று அந்த அக்கா கத்தியிருந்தால் நானும் வீம்புக்கு வாசலைச் சாத்தியிருப்பேன். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது, ஆனால் அந்த எண்ணுக்குப் பச்சை விழும் ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் அவருக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.