பாராசூட் பந்தலில் காய்க்காத வெள்ளரி

வருஷம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அனகாபுத்தூரில் ஆற்று வெள்ளம் ஏறி, நெசவுக்காரர் வீடுகளில் தறிக்குழியெல்லாம் கிணறு மாதிரி நிரம்பி நின்ற மழை ஒன்று வந்ததே, அதற்கு அடுத்த கோடை. அந்த மழையில் தாம்பரத்துப் பக்கம் ஏரியெல்லாம் வழிந்ததால்தான் சித்திரையிலும் எங்கள் கிணற்றில் தண்ணீர் நின்றது. தண்ணீர் நின்றதால்தான் பெரியப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. எனக்கு எட்டு வயதோ ஒன்பதோ. மேல்வரிசையில் இரண்டு பல் விழுந்து, முளைக்கவா வேண்டாமா என்று இருந்த சமயம். வெள்ளரிப் பிஞ்சைக் கடைவாயில் வைத்துத்தான் கடிக்க முடியும். அதனால் அந்தக் கோடை எனக்கு மறக்கவே மறக்காது.

பெரியப்பா அதற்கு முன் ஒருமுறை மூட்டை லாரியில் தொற்றிக்கொண்டு ஊட்டிக்குப் போய்வந்தவர். அங்கே கண்ணாடியாலேயே ஒரு வீடு கட்டி, அதற்குள் செடி வளர்க்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தார். வந்த நாள் முதல் அதே பேச்சு. சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லுவார். குளிருக்கு அவன் கண்ணாடி போடுகிறான், வெயிலுக்கு நாம் எதைப் போடுவது? கண்ணாடி போட்டால் தாம்பரத்து வெயிலில் செடி வேகாது, குழம்பே ஆகிவிடும்.

விடை ஊரிலேயே கிடந்தது. விமானப்படை ஏலத்தில் பழைய பாராசூட் துணி வந்தது. வெள்ளை வெளேரென்று, விரலுக்கு வழுக்கும். ஊரில் பாதிப் பேர் அதில் தலையணை உறை தைத்தார்கள். ஒரு வீட்டில் பெண்ணுக்குப் பாவாடையே தைத்து, அது காற்றடிக்கும்போதெல்லாம் குடை மாதிரி விரிந்து பெரிய ரகளை ஆனது. அந்தப் பெண் பிறகு நர்ஸ் வேலைக்குப் போனாள், அது வேறு கதை. பெரியப்பா மட்டும் ஒரு மாட்டுவண்டி நிறைய வாங்கிவந்தார். கிணற்றடி நிலத்தில் சவுக்குக் கம்பு நட்டு, மேலேயும் நாலு பக்கமும் துணியைக் கட்டினார். நடந்து போகிற உயரத்துக்கு ஒரு வெள்ளை வீடு எழுந்தது.

வேலியோரம் போகிறவர்கள் சும்மா போவார்களா?

“இன்னாபா, சர்க்கஸ் எப்போ? யானை வந்துகினு கீதா?”

“சித்திரைல தக்காளி பழுக்கும், வந்து பாரு. அப்போ சொல்றேன் யாரு யானைன்னு” என்பார் பெரியப்பா.

அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது. உள்ளே போனால் வெயில் பால் மாதிரி வடிகட்டி விழும். தரையில் மணல் பரப்பிக் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் மதியத்திலும் கால் வைக்கலாம். முந்தின கோடையில் ஈ ஒன்று வெள்ளரிப் பிஞ்சையெல்லாம் குத்திப் புழு வைத்துவிட்டது. அந்தக் கோபத்தில் பெரியப்பா துணியின் ஓரத்தைச் சுற்றிலும் மண்ணில் புதைத்தார். வாசலுக்கு இரண்டு மடிப்புத் திரை. யார் போனாலும் வெளித்திரையை மூடிவிட்டுத்தான் உள்திரையைத் திறக்கவேண்டும். ஓர் ஈகூட உள்ளே போகக்கூடாது என்பது சட்டம். போகவும் இல்லை.

ஒரு பக்கம் தக்காளி, ஒரு பக்கம் வெள்ளரி. தக்காளிக்குத் தண்ணீர் விடுவது பெரியம்மா. வெள்ளரிக்கு அத்தை.

அத்தை என்றால் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் தங்கை. வண்டலூரில் கொடுத்திருந்தார்கள். அந்தப் பொங்கலுக்கு வந்தவளை அவளுடைய மாமியார், கொஞ்ச நாள் இங்கேயே ஓய்வாக இருக்கட்டும் என்று விட்டுப்போய்விட்டாள். அத்தைக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஆகியும் பிள்ளை இல்லை. அது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சேதி, எனக்கு மட்டும் தெரியாது. ஓய்வுக்கு வந்தவள் ஏன் எல்லோரையும்விட அதிகமாக வேலை செய்கிறாள் என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். வெள்ளரிக்குப் பாத்தி வெட்டியதும் அவள்தான். மண்வெட்டியை அவள் பிடித்தால் பெரியப்பா ஒதுங்கி நிற்பார்.

தக்காளி பூத்தது, காய்த்தது. வெள்ளரியும் பூத்தது. மஞ்சள் மஞ்சளாக அப்படிப் பூத்தது. சில பூவுக்கு அடியிலேயே விரல்நுனி அளவுக்குப் பிஞ்சும் இருந்தது. ஆனால் பூ வாடியதும் அந்தப் பிஞ்சு மஞ்சள் தட்டிச் சுருங்கி உதிர்ந்துவிடும். நாள்தோறும் மணலில் உதிர்ந்து கிடக்கும். பெரியப்பா எரு மாற்றிப் பார்த்தார், சாம்பல் போட்டுப் பார்த்தார். வெற்றிலைக் கொடிக்கால்காரர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினார். அவர் தலையைச் சொறிந்துவிட்டுத் தக்காளியில் ஒரு கூடை வாங்கிக்கொண்டு போனார்.

கடைசியில் பெரியம்மாதான் சொன்னாள். அவள் கெட்டவள் இல்லை. வாயில் வந்ததை வடிகட்டாமல் விடுகிறவள், அவ்வளவுதான்.

“நான் ஊத்தற பக்கம் காய்க்குது. அவ ஊத்தற பக்கம் உதுருது. ஒரே கெணறு, ஒரே தண்ணி. இதுக்கு மேல இன்னா சொல்றது?”

பெரியம்மாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நல்ல சரீரம். அந்தக் குறுகலான வரிசையில் அவள் நுழைந்தால் இந்தப் பக்கம் ஒரு கம்பு ஆடும், அந்தப் பக்கம் ஒரு கம்பு ஆடும், செடியெல்லாம் சலசலவென்று குலுங்கும். தக்காளிப் பூவுக்கு அந்தக் குலுக்கல் போதும், தன் பூந்தூளே தன்மேல் விழுந்து காய்த்துவிடும். இதை எனக்குச் சொன்னவர் நான் குடியிருக்கிற அடுக்குமாடியின் மூன்றாவது மாடி சார். இப்போது மொட்டைமாடியில் பச்சை வலை கட்டி, பிரஷ்ஷை வைத்துக்கொண்டு பூப்பூவாகத் தடவிக்கொண்டிருக்கிறார். அந்தக் காலத்தில் யாருக்கு அது தெரியும்? கைராசி என்றார்கள்.

மறுநாள் பெரியப்பா கிணற்றைப் பார்த்துக்கொண்டே, “நீ இனிமே உள்ள வர வேணாம்மா. வெயிலு” என்றார்.

“வெயிலு வெளியதானேண்ணா கீது” என்றாள் அத்தை. குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள்.

அதே வாரம் வண்டலூரிலிருந்து ஆள் வந்து சேதி சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வெள்ளிக்கிழமை சம்பந்தியம்மா வருகிறார்கள், பிள்ளையும் வருகிறான், ஒரு நல்ல காரியம் பேசவேண்டும் என்று. நல்ல காரியம் என்றால் மாமாவுக்கு இரண்டாம் கல்யாணம். அத்தை சரி என்று தலையாட்டவேண்டும், பெரியப்பா அவளை ஆட்டவைக்கவேண்டும். ஆட்டினால் மூத்த தாரமாக அந்த வீட்டிலேயே ஒரு மூலையில் இருந்துகொள்ளலாம். பெரியப்பாவும் அந்த நிலைக்கு வந்துவிட்டார். செடியே காய்க்காதபோது அவர் எதைச் சொல்லி வாதாடுவார்?

இதற்கு நடுவில் நான் ஒரு காரியம் செய்தேன். பந்தலுக்குப் பின்னால், முள்வேலியோரம், ஓணான் தேடிப்போனேன். வேலியில் வெள்ளரிக்கொடி ஒன்று ஏறியிருந்தது. இலையை விலக்கினால் உள்ளங்கை நீளத்துக்குக் காய், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, சின்னது. ஒன்றை அங்கேயே கடைவாயில் வைத்துத் தின்றேன். தின்றபிறகு யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. அத்தையிடம் சொன்னேன்.

அத்தை வந்து பார்த்தாள். காயைப் பறிக்கவில்லை. கொடியைப் பிடித்துக்கொண்டு விரலால் தடவித் தடவித் திரும்பி நடந்தாள். கொடி வேலியிலிருந்து இறங்கி, தரையில் ஊர்ந்து, பெருச்சாளி தோண்டிய ஓட்டை வழியாகத் துணிக்கு அடியில் நுழைந்தது. அவள் துணியைக் கொஞ்சம் தூக்கி எட்டிப் பார்த்தாள்.

“டேய், இது நான் தண்ணி ஊத்தன செடிடா” என்றாள்.

உள்ளே இருந்த பாதி உதிர்த்துக்கொண்டிருந்தது. வெளியே வந்த பாதி காய்த்திருந்தது. வேர் ஒன்றுதான். ஊற்றிய கையும் ஒன்றுதான்.

அப்புறம் அவள் அந்த வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நான் ஓணானை மறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். சின்னத் தேனீக்கள் வந்தன. பிஞ்சில்லாத பூவில் புரண்டு, மஞ்சள் தூளோடு எழுந்து, பிஞ்சுள்ள பூவில் போய் உட்கார்ந்தன. அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தாகம் எடுத்தது. அவளுக்கு எடுத்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் பெரியம்மா தக்காளிக் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போனதும் அத்தை பந்தலுக்குள் போனாள். நான் திரையைப் பிடித்துக்கொண்டு காவல். பிஞ்சில்லாத பூவைக் கிள்ளி, இதழை உரித்து, நடுவில் இருந்த தண்டைப் பிஞ்சுள்ள பூவின் வாயில் ஒற்றினாள். நெற்றியில் குங்குமம் வைக்கிற மாதிரி அவ்வளவு மெதுவாக. ஒற்றிய பூவுக்கெல்லாம் அடையாளத்துக்குப் பழைய சேலைக் கரையிலிருந்து சிவப்பு நூல் பிரித்துக் கட்டினாள். தினம் அப்படியே. வெள்ளிக்கிழமைக்குள் நூல் கட்டியதெல்லாம் பருத்துத் தொங்கியது. கட்டாதது உதிர்ந்தது.

வண்டலூர்க்காரர்கள் பதினோரு மணி ரயிலில் வந்தார்கள். மாமா மரவாடியில் வேலை செய்கிறவர். பெரிய உடம்பு, சின்னக் குரல். அம்மா பக்கத்தில் இருந்தால் அந்தக் குரலும் வராது. சம்பந்தியம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தாள்.

“நானா சொல்றேன்? ஊரே சொல்லுது. கஷாயம் குடுத்தாச்சு, கோயிலு சுத்தியாச்சு. இவளுக்கு இன்னா கொறை வெச்சோம்? சோறு இல்லன்னோமா, துணி இல்லன்னோமா? வம்சம் நிக்கணும்ல.”

பெரியப்பா கழுத்துத் துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார். வாயைத் திறந்தார். அவர் சரி என்று சொல்லப்போகிறார் என்பது எனக்கே தெரிந்தது.

“அண்ணா, ஒரு நிமிஷம்” என்றாள் அத்தை. “அல்லாரும் பந்தலுக்கு வாங்க. பாத்துட்டு அப்பறமா பேசலாம்.”

“செடி பாக்கவா நாங்க ரயிலேறி வந்தோம்?”

“ஆமா, வாங்க.”

அவள் சொன்ன விதத்தில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். இரண்டு திரையையும் சட்டப்படி திறந்து மூடி உள்ளே போனோம். சிவப்பு நூலோடு வெள்ளரிகள் வரிசையாகத் தொங்கின. பெரியம்மா “அய்ய!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியப்பா குனிந்து ஒன்றைக் கையில் தாங்கினார்.

“என் கைதாண்ணா ஊத்துச்சு, என் கைதான் தொட்டுச்சு” என்றாள் அத்தை. “இந்தப் பிஞ்சு மேல ஒரு கொறையும் இல்ல. அந்தப் பூவுலேர்ந்து வர வேண்டியது வரல. நாம அந்தப் பூவ பாக்கவே இல்ல, பிஞ்சயே திட்டிக்கினு இருந்தோம்.”

பிறகு சம்பந்தியம்மா பக்கம் திரும்பினாள்.

“என்னப் பாக்காத வைத்தியரு இல்ல. உங்க புள்ளய யாராச்சும் பாத்தாங்களா அத்தே?”

பெரியம்மாகூட ஆடாமல் நின்றாள்.

“அடிப்பாவி! எம் புள்ளைக்கு இன்னாடி கொறை? ஒத்த ஆளா தேக்கு மரத்த தோள்ல தூக்கறவன்டீ அவன்! செடியக் காட்டி ஆம்பளய பேசறியா?” என்று சம்பந்தியம்மா கத்தியதில் வெற்றிலைச் சாறு தக்காளி மேலெல்லாம் தெறித்தது. “எழுந்து வாடா!”

மாமா ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார். ஆனால் வரவில்லை. எல்லோரும் வெளியே வந்தபிறகும் அவரும் அத்தையும் உள்ளேயே இருந்தார்கள். நான் பெருச்சாளி ஓட்டையில் முகத்தை வைத்துப் பார்த்தேன். அத்தை ஒரு பூவைக் கிள்ளி அவர் கையில் கொடுத்தாள். மரம் தூக்குகிற அந்தக் கைக்குப் பூ பிடிபடவில்லை. இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை சரியாக ஒற்றினார். அத்தை நூல் கட்டினாள்.

வெளியே வந்தபோது மாமாவின் முகமெல்லாம் நனைந்து, கண் சிவந்திருந்தது.

“நீ கெளம்புமா. நான் சாயங்காலமா வரேன்” என்றார் அம்மாவிடம். சின்னக் குரல்தான், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. “திங்கக்கெழம பெரியாஸ்பத்திரிக்குப் போறோம். இவ மட்டும் இல்ல. ரெண்டு பேரும்.”

ஆஸ்பத்திரி என்றதும் நான் பயந்துவிட்டேன். மாமாவுக்குத்தான் ஏதோ பெரிய நோய், அதனால்தான் கை தவறியது, கண் சிவந்தது என்று முடிவு கட்டினேன். தெருமுனைப் பிள்ளையாரிடம் போய், மாமாவைக் காப்பாற்று, வேலியில் இருக்கிற இன்னொரு வெள்ளரி உனக்குத்தான் என்று வேண்டிக்கொண்டு, அதைக் கொண்டுபோய் வைக்கவும் செய்தேன்.

வைத்தியர் என்ன சொன்னார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர்கள் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஆடி பிறப்பதற்குள் மாமாவே வந்து அத்தையின் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டிப்போனார். இரண்டாம் கல்யாணப் பேச்சு அத்தோடு நின்றது. பிள்ளை பிறந்ததா என்று கேட்பீர்கள். பிறக்கவில்லை. வண்டலூரில் அவர்கள் இருவரும் கடைசிவரை ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டு நன்றாகத்தான் வாழ்ந்தார்கள்.

அத்தையின் தைரியம் எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. மாமாவின் தைரியம்தான் தெரியவில்லை. பெற்ற தாய்க்கு முன்னால், மச்சானுக்கு முன்னால், குறை என்னுடையதாகவும் இருக்கலாம் என்று ஓர் ஆண்பிள்ளை சொல்வது தேக்கு மரம் தூக்குவதைவிடப் பாரம் என்பது, எனக்கு மீசை வந்து, கல்யாணமாகி, வீட்டில் நானும் சிலமுறை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த பிறகுதான் உறைத்தது.

நீங்கள் எனக்கு ஓர் உபகாரம் செய்யவேண்டும். பிள்ளையில்லை என்று மருமகளைப் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிற வீடு ஏதாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வீட்டுப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, இதை அப்படியே சொல்லிவிடுங்கள். அவன் பெண்டாட்டியிடம் சொல்லவேண்டாம், அவளுக்குத் தெரிந்திருக்கும்.