சம்பந்தியின் செடிக்கு நான் வைத்த விருந்து

போன வெள்ளிக்கிழமை செங்கோட்டை பஸ் தெருமுனையில் நின்ற சத்தம் கேட்டதுமே என் கண் தாழ்வாரத்துத் தொட்டிக்குப் போய்விட்டது. வந்தது என் மகள் செண்பகத்தின் மாமியார். காசி, ராமேஸ்வரம் முடித்த கையோடு, தன் செடியைத் திரும்ப வாங்கிப் போக வருகிறார்.

என்ன செடி என்கிறீர்களா? மலையில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளருமே, மரவாழை. ஆர்க்கிட் என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும் என்கிறாள், வாரப் பத்திரிகையின் இந்தப் பக்கத்துக்கு நான் சொல்லச் சொல்ல எழுதுகிற என் மருமகள். எனக்கு ஏது எழுத்து?

குடும்பத்தோடு காசிக்குக் கிளம்பும்போது செண்பகம்தான் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"எம்மா, இது செத்துச்சுன்னா ஆயுசுக்கும் எனக்குத்தான் பேச்சு. தண்ணி மட்டும் தெளி. வேற ஒண்ணும் செஞ்சிராத, கேட்டியா?"

கேட்டேன். ஆனால் தொட்டியைப் பார்த்தபிறகு மனசு கேட்கவில்லை. ஒரு பிடி மண் இல்லை. பயறு பருமனுக்குக் கப்பி மணல், அடுப்புக்கரி, ஓட்டுச்சில்லு... அவ்வளவுதான். நம் வீட்டுக்கு வந்த விருந்தாளி கல்லைத் தின்றுகொண்டு கிடப்பதா? போதும் போதும் என்று இலையை மறைக்கிறவர் கை இடுக்கிலும் ஒரு கரண்டி சோறு தள்ளுகிறவர்கள் அல்லவா நாம்?

எல்லாவற்றையும் கொட்டினேன். சிற்றாற்றுப் பொடிமணல், செம்மண், மட்கிய சாணம் — என் மல்லிகைக்குக்கூட இவ்வளவு போட்டதில்லை. தொங்கின வேர்களைச் சுருட்டி உள்ளே திணித்து, பெருவிரலால் அமுக்கினேன். குற்றாலத்துச் சாரல் படட்டும் என்று முற்றத்தில் வைத்தேன். சாரல் பட்டால் எதுவும் பிழைக்கும் என்று நம்புகிற தென்காசிக்காரி நான்.

சாரல் நிற்கவே இல்லை. பொடிமணல் களி மாதிரி இறுகியது. கீழ் இலை மஞ்சளாகி, தொட்டதும் கையோடு வந்தது. என்ன குறை வைத்தேன்? இன்னும் கொஞ்சம் சாணம் கரைத்து ஊற்றினேன். அடுத்த இலையும் போனது.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணுக்குள் செண்பகம்தான் நின்றாள். 'ஒங்க அம்மைகிட்ட குடுத்தேன் பாரு' என்று ஒரு பேச்சு அந்த வீட்டில் பிறந்துவிட்டால், அது லேசில் சாகுமா?

தொட்டியைக் கவிழ்த்தேன். வேரெல்லாம் கறுத்து, இழுத்தால் தோல் மட்டும் உருவிக்கொண்டு வந்தது. என் விரலுக்குத் தப்பி விளிம்பில் தொங்கிய ஒரு வேர் மட்டும் வெள்ளையாய், கெட்டியாய் இருந்தது. அப்போதுதான் உறைத்தது. அது கேட்டது சோறு இல்லை, காற்று. மரக்கிளையில் யார் அதற்குச் சாணம் போட்டார்கள்?

அழுகினதை நறுக்கி எறிந்தேன். பக்கத்தில் வீடு கட்டுகிறார்கள். மணல் சலித்து ஒதுக்கிய கப்பியை அள்ளிவந்து, அலசி, கரித்துண்டு கலந்து, அமுக்காமல் செடியை நிறுத்தி, ஆடாமல் குச்சி கட்டினேன். சாரல் படாத தாழ்வாரத்தில் வைத்தேன். காய்ந்தபிறகுதான் தண்ணீர். எத்தனை தடவை எட்டிப் பார்த்தேனோ...

"அத்தை, அதயே பாத்துக்கிட்டு இருந்தா அது கூச்சப்படும்லா" என்றாள் மருமகள். அவளுக்கென்ன, கேலி.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். சம்பந்தி கங்கைச் சொம்பை என் கையில் கொடுத்துவிட்டு நேரே தாழ்வாரத்துக்குப் போனார். குனிந்தார்.

"மதினி... மண்ண மாத்துனியளா?"

"மாத்துனேன் மதினி. வயிறு காயுதேன்னு சாணியப் போட்டு வேர அழுக வச்சிட்டேன். செண்பகத்த ஒண்ணும் சொல்லிராதிய. அவ வேண்டாம்னுதான் சொன்னா."

அவர் கப்பியை விரலால் விலக்கினார். அடியில், பச்சை முனையோடு, அரிசி நீளத்துக்கு ஒரு புது வேர்.

"பொழச்சுக்கிடும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் மொதல்ல வச்ச மூணையும் இப்படித்தான் கொன்னேன். பருத்திக்கொட்டைய ஆட்டி ஊத்தி."

"பருத்திக்கொட்டையா? மாடு மாதிரி செடியும் பால் கறக்கும்னு நெனச்சியளோ?"

"சிரிக்காதிய மதினி. ஒங்க மககிட்ட மட்டும் சொல்லிராதிய. எங்க அத்தைக்குக் கைராசின்னு அவ ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதா."

சத்தியம் செய்து கொடுத்தேன். போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. பிரியம் இருக்கிறதே, அதை அள்ளிப் போடுகிறோம், மேலே அமுக்கவும் செய்கிறோம். மூச்சுவிட இடம் வைக்கிறோமா?

இவ்வளவையும் சொல்லி நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தால், மருமகள் பேனாவை மூடிக்கொண்டே கேட்கிறாள்:

"ஏன் அத்தை, செண்பக மதினி வாராவாரம் இந்தப் பக்கத்தத்தான மொதல்ல படிக்கா?"