மச்சாளின் வதிவிட ஆண்டு

நெற்றியில் பூசிய எண்ணெய் காயுமுன்னே வந்து காரில் ஏறி, "அத்தான், பத்து மணிக்கு நான் கம்பசில நிக்கோணும்" என்றாள் மச்சாள். தவக்காலம். கோயில் வாசலில் பனி கரைந்து சேறாகக் கிடந்தது. சற்று முன்தான் சுவாமியார் அவளுக்கு நோயில் பூசுதல் கொடுத்திருந்தார். கட்டிலோடு கிடந்து கடைசி மூச்சு விடுகிறவருக்குத்தான் அந்த எண்ணெய் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். அவளோ தானே கேட்டு, நின்றபடி வாங்கினாள். அவளுடைய அக்கா, அதாவது என் மனைவி, கோயில் வாங்குப் பலகையில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தாள்.

மச்சாள் மன்னாரில் படிப்பித்தவள். மொன்றியலுக்கு வந்தும் பள்ளிக்கூட வேலையையே தேடிப் பிடித்தாள். நாற்பது வயது தாண்டிய பிறகு, வேலை செய்யும் ஆசிரியர்களுக்கென்று உள்ள கல்விக் கலாநிதிப் படிப்பில் சேர்ந்தாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை எனக்குப் பின்னேரத்தில்தான் தொடங்கும். அதனால் காலையில் அவளைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய் விடுவேன். அந்தப் படிப்பின் சட்டதிட்டமெல்லாம் காரில் கேட்டுத்தான் எனக்குத் தெரியும். மற்ற வகுப்புகளை வேலை முடிந்து மாலையில் படிக்கலாம். ஆனால் ஓர் ஆண்டு மட்டும் வேலையை விட்டுவிட்டு, இரண்டு தவணையும் இடைவெளி இல்லாமல் அங்கேயே இருந்து படிக்க வேண்டும். அதற்கு வதிவிட ஆண்டு என்று பெயர். நடுவில் விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வசந்தத்தில் பேராசிரியர்கள் முன்னால் போயிருந்து, படிப்பு எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று காட்ட வேண்டும். போதாது என்று அவர்கள் சொன்னால் அதோடு சரி. வீட்டிலிருந்துகொண்டு ஒருவர் குருவாக முடியாது, குருமடத்துக்குப் போகத்தானே வேண்டும் என்று நான் எனக்கு விளங்கிய விதத்தில் எடுத்துக்கொண்டேன். சம்பளம் நின்றுபோனதால் சென்ட் லோரன்டில் எங்கள் வீட்டுக்கே வந்து தங்கினாள்.

பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கூட்டங்களுக்கு எங்களைப் போன்ற பெற்றோர் ஏன் வருவதில்லை என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. முதலில் பிடிபட்டவன் நான். "எனக்குப் பிரெஞ்சு தெரியாதே" என்றேன். "உது சாட்டு, அத்தான். கார் திருத்துற கராச்காரனோட எந்தப் பாசையில சண்டை பிடிக்கிறனீங்கள்?" என்று கேட்டாள்.

முதல் தவணை முடியும்போது ஈரலில் நோய் என்று கண்டார்கள். வைத்தியர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். சுகவீன விடுப்பு எடுக்கலாம், ஆனால் வதிவிட ஆண்டு திரும்பவும் முதலிலிருந்துதான் என்றது பல்கலைக்கழகம்.

"விட்டிட்டு உடம்பைப் பார். பேந்து படிக்கலாம்" என்றாள் மனைவி.

"பேந்து எண்டு ஒண்டு எனக்கு இருக்கெண்டு ஆர் சொன்னது, அக்கா?"

அதற்குமேல் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை. வகுப்பில்லாத வெள்ளிக்கிழமைகளில் மருந்து ஏற்றுவார்கள். மற்ற நாட்களில் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு புறப்படுவாள்.

எண்ணெய் பூசிய செய்தி அன்று மத்தியானத்துக்குள் எங்கள் கோயிற் பங்கு முழுக்கப் பரவிவிட்டது. பின்னேரம் நான் வேலைக்குப் புறப்படுகையில் கோயிற் பெண்கள் சிலர் கறிச்சட்டிகளோடு வந்து எங்கள் முன்னறையில் இருந்தார்கள். கம்பசிலிருந்து பஸ்ஸில் திரும்பிய மச்சாள் ஒவ்வொரு மூடியாகத் திறந்து ருசி பார்த்தாள். "என்னடி, செத்தவீட்டுச் சாப்பாடு இப்பவே வந்திட்டுது? உந்தக் கத்தரிக்காயில உப்புக் காணாது. அண்டைக்காவது வடிவாய்ப் போடுங்கோ." ஒருத்தி சிரித்துவிட்டாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மனைவி மட்டும் குசினிக்குள் போய்விட்டாள்.

சித்திரை முடிவில் பேராசிரியர்கள் முன்னால் போகவேண்டிய நாள் வந்தது. காரின் எஞ்சினை நிறுத்தாமல் தெருவோரம் காத்திருந்தேன். மனம் செபமாலையில் நிற்கவில்லை. கம்பியைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கி வந்தாள். கார்க் கதவை இழுத்துச் சாத்தக்கூட அவளுக்குத் தெம்பில்லை; நான் இறங்கிப் போய்ச் சாத்தினேன்.

"முன்னேற்றம் திருப்தியாம், அத்தான். வதிவிடமும் முடிஞ்சுது. இனி இஞ்ச வரத் தேவையில்லை, வீட்டில இருந்தே ஆய்வேட்டை எழுதலாமாம்."

"அப்ப நல்லதுதானே" என்றேன்.

"ஓம். நல்லது." வீடு வரும்வரை கண்களை மூடியே இருந்தாள்.

சன்னலோரம் அவளுக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்தோம். முதல் சில நாட்கள் ஒரு மணித்தியாலம் இருந்து எழுதுவாள். பிறகு அரை மணித்தியாலம். பிறகு படுக்கையில் இருந்தபடி அவள் சொல்ல, என் மகள் எழுதினாள். முதல் அத்தியாயம் பாதியில் நிற்கையில் ஆண்டவர் அழைத்துக்கொண்டார்.

ஆண்டுகள் கடந்துவிட்டன. இப்போதும் தினமும் செபிக்கிறேன். அவளுக்குப் பட்டம் வேண்டும் என்றுதான் அப்போது கேட்டேன். வதிவிட ஆண்டை முடிக்கும் பலத்தை மட்டும் கொடுத்தார். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும், சொல்லியும் இருக்கிறேன். ஆனாலும் சன்னலோரம் யாராவது குனிந்திருந்து எழுதுவதைக் கண்டால், மிச்சத்தையும் கொடுத்திருக்கலாமே என்று கேட்டுவிடுகிறேன். அவர் கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.